ஒரே சீருடை, இரு வேறு ரசீது: அமெரிக்க ரிசர்வ் வீரர்களின் கல்லூரிச் செலவில் மாநிலங்களின் பங்கு

ஒஹையோ மாநிலத்தின் தலைநகர் கொலம்பஸில், ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் மாதத்தில் ஒரு வார இறுதி சீருடை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு வார முகாம். இருவர் சட்டையிலும் 'யு.எஸ். ஆர்மி' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் ஒருவருடைய கல்விக் கட்டணத்தை மாநில அரசே முழுதாகக் கட்டிவிடுகிறது. மற்றவருக்கு, சீருடை அணிந்தவர் என்பதற்காக மாநிலக் கஜானாவிலிருந்து ஒரு டாலரும் வராது. முதலாமவர் ஒஹையோ ஆர்மி நேஷனல் கார்டு. இரண்டாமவர் ஆர்மி ரிசர்வ்.

'ரிசர்வில் சேர்ந்தால் காலேஜ் இலவசம்' என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் போய் நின்று திகைக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இது. அந்தப் பேச்சு முழுப் பொய்யல்ல. பணம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அது வெவ்வேறு கஜானாக்களிலிருந்து, வெவ்வேறு நிபந்தனைகளோடு, ஒரு குறிப்பிட்ட வரிசையில் வருகிறது. எந்தப் படை, எந்த வரிசை, எந்தத் தேதி என்ற மூன்றும் சரியாக அமைந்தவருக்கு நான்கு வருடப் படிப்பு கடனில்லாமல் முடிகிறது. ஒன்று பிசகினாலும் அதே வருடங்களுக்கு வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிவரலாம்.

ஆளுநரின் படையும் அதிபரின் படையும்

அமெரிக்காவின் பகுதி நேர ராணுவத்தில் ஏழு பிரிவுகள் உண்டு. ஆர்மி ரிசர்வ், நேவி ரிசர்வ், மரைன் கோர் ரிசர்வ், ஏர் ஃபோர்ஸ் ரிசர்வ், கோஸ்ட் கார்டு ரிசர்வ் ஆகிய ஐந்தும் முழுக்க ஃபெடரல் படைகள், அதாவது மத்திய அரசுக்கு மட்டும் உரியவை. ஆர்மி நேஷனல் கார்டு, ஏர் நேஷனல் கார்டு ஆகிய இரண்டு மட்டும் வேறு வகை. சாதாரண நாள்களில் இவை மாநில ஆளுநரின் கட்டளைக்கு உட்பட்டவை. வெள்ளம், சூறாவளி, காட்டுத்தீ என்றால் ஆளுநர் கூப்பிடுவது இவர்களைத்தான். போர் என்றால் அதிபர் அழைத்துக்கொள்வார்.

மாநிலங்கள் தங்கள் பணத்தைப் போடுவது ஏன் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. கட்டாய ராணுவச் சேவை 1973இல் முடிவுக்கு வந்தபின் ஆள் பிடிப்பது ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் கவலையாகிவிட்டது. படைப்பிரிவில் ஆள் குறைந்தால் அந்தப் பிரிவையே வேறு மாநிலத்துக்கு மாற்றிவிடும் வாய்ப்பு உண்டு. பிரிவு போனால் அதனோடு வரும் ஃபெடரல் பணம், வாகனங்கள், வேலைகள் எல்லாம் போகும். புயல் நாளில் மணல்மூட்டை தூக்க ஆளும் இருக்காது. படிக்க வசதியில்லாத, ஆனால் படிக்க விரும்பும் இளைஞரை இழுக்கக் கல்லூரிக் கட்டணத்தைவிடப் பெரிய ஈர்ப்பு ஏது? தன் படைக்காகத்தான் மாநிலம் செலவழிக்கிறது. ஃபெடரல் ரிசர்வ் வீரரை ஆளுநர் அழைத்துக்கொள்ள முடியாது என்பதால் அவருக்குச் செலவழிக்கப் பெரும்பாலான மாநிலச் சட்டமன்றங்கள் முன்வருவதில்லை.

விதிவிலக்கு உண்டு. நெப்ராஸ்கா தன் மாநிலத்தில் வசிக்கும் ஃபெடரல் ரிசர்வ் வீரர்களுக்கும் அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் 50 சதவீதம் கழிக்கிறது. இப்படிச் செய்யும் மாநிலங்கள் அரிது. ஆகவே கல்லூரிச் செலவுக்காகவே பகுதி நேர ராணுவத்தில் சேர நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது 'எந்த வேலை, எவ்வளவு போனஸ்' என்பதல்ல. 'இது நேஷனல் கார்டா, ரிசர்வா' என்பதுதான். இரண்டுக்கும் ஆள் சேர்க்கும் அதிகாரிகள் வேறு வேறு. ஒருவர் மற்றவரின் சலுகைகளை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இந்தக் கேள்வி எழுகிறது என்பதால் ஒரு சிறு குறிப்பு. குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் நேஷனல் கார்டிலோ ரிசர்விலோ சாதாரண வீரராகச் சேரலாம். எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினர்), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருக்கும் பிள்ளைகள் சேர முடியாது. ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்தால் விசாவில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்ட 'மாவ்னி' திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அத்திட்டம் 2016இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதிகாரியாக வேண்டுமானால் பொதுவாகக் குடியுரிமை வேண்டும்.

'100 சதவீதம்' என்றால் எதில் 100?

மாநில விளம்பரங்களில் '100 சதவீதக் கல்விக் கட்டணம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அமெரிக்கக் கல்லூரி ரசீதில் கல்விக் கட்டணம் ஒரு வரி. அதற்குக் கீழே தொழில்நுட்பக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், மாணவர் சேவைக் கட்டணம் என்று இதரக் கட்டணங்கள் வரிசையாக நிற்கும். மாநிலத் திட்டம் முதல் வரியை மட்டும் ஏற்கிறதா, கீழே உள்ளவற்றையும் ஏற்கிறதா என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மாசசூசெட்ஸில் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அங்கே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் உள்ளூர் மாணவருக்கான 'கல்விக் கட்டணம்' பல ஆண்டுகளாக வருடத்துக்கு 1,714 டாலர்தான். மீதிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டாலர் 'இதரக் கட்டணம்' என்ற பெயரில் வசூலானது. 2016இல்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். கல்விக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்யும் திட்டம் அங்கே 100 சதவீதம் கொடுத்தாலும் மாணவர் தலையில் பெரும்பகுதி விழுந்திருக்கும். மாசசூசெட்ஸ் நேஷனல் கார்டு கல்வி உதவித் திட்டம் இரண்டையும் சேர்த்தே ஏற்பதால்தான் அது வலுவான திட்டம். பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் கார்டு சலுகை கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. இதரக் கட்டணம் மாணவர் பாடு.

அடுத்து வருவது உச்சவரம்பு. தனியார் கல்லூரியில் சேர்ந்தால் மாநிலம் அந்தக் கல்லூரி கேட்பதையெல்லாம் கொடுக்காது. மினசோட்டா தன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ட்வின் சிட்டீஸ் வளாக இளங்கலைக் கட்டணத்தை வரம்பாக வைத்திருக்கிறது. ஒஹையோவில் தனியார் கல்லூரி மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களின் சராசரிக் கட்டணம் அளவுக்குக் கிடைக்கும். அதற்கு மேல் உள்ள வித்தியாசம் கையைக் கடிக்கும்.

மூன்றாவது அளவு, எத்தனை காலம் என்பது. ஒஹையோ நேஷனல் கார்டு ஸ்காலர்ஷிப்பின் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். அங்கே உதவியை 'யூனிட்' கணக்கில் அளக்கிறார்கள்; படிக்கும் ஒவ்வொரு பருவத்திலும் அது கழியும். ஆறு வருடத்துக்குக் கையெழுத்திட்டவருக்கு 96 யூனிட். மூன்று வருடம் முதல் ஆறு வருடத்துக்குள் என்றால் 48 யூனிட். ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட் (பாடச்சுமையின் அளவு) அல்லது அதற்கு மேல் எடுத்தால் 12 யூனிட் கழியும். 9 முதல் 11 கிரெடிட் வரை எடுத்தால் 9 யூனிட், 6 முதல் 8 வரை 6 யூனிட், 3 முதல் 5 வரை 3 யூனிட்.

முழு நேர மாணவராக இருக்க 12 கிரெடிட் போதும் என்று அதோடு நிறுத்திக்கொள்பவரின் கதியைக் கணக்கிட்டுப் பாருங்கள். எட்டு செமஸ்டரில் 96 யூனிட்டும் தீர்ந்துவிடும். கையில் இருப்பது 96 கிரெடிட். இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 வேண்டும். கடைசி 24 கிரெடிட்டுக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு முழு வருடத்துக்கு, மாநிலப் பணம் இல்லை. செமஸ்டருக்கு 15 கிரெடிட் எடுத்தவருக்கும் கழிவது அதே 12 யூனிட்தான். எட்டு செமஸ்டரில் 120ஐத் தொட்டுவிடுவார். மூன்று வருட ஒப்பந்தக்காரருக்கு நான்கு செமஸ்டரோடு சரி. அவர் இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜ் பட்டத்துக்குத் திட்டமிடுவதே பொருத்தம். ஆள் சேர்க்கும் இடத்தில் 'மூன்று வருடம்தானே' என்று ஒப்பந்தத்தைக் குறைத்துக்கொள்வது சுமை குறைவது போலத் தெரியும். பட்டப்படிப்புதான் நோக்கம் என்றால் அது பாதிப் படிப்பை விட்டுக்கொடுப்பதற்குச் சமம்.

தள்ளுபடி, மானியம், திருப்பித் தருவது, கடன்

மாநிலங்கள் இந்தப் பணத்தை ஒரே மாதிரி தருவதில்லை. சில இடங்களில் கட்டணத் தள்ளுபடி: கல்லூரி அந்தத் தொகையைக் கேட்பதே இல்லை. சில இடங்களில் மானியம்: இல்லினாய் மாநிலத்தில் மாணவர் உதவி ஆணையம் கல்லூரிக்கு அனுப்பிவிடும். மினசோட்டாவில் முறை தலைகீழ்: மாணவர் முதலில் கட்டிப் படித்து முடித்து, மதிப்பெண் வந்தபின் விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். ஜார்ஜியாவில் அது காகிதத்தில் கடன். படிப்புக்குப் பின்னும் இரண்டு வருடம் நேஷனல் கார்டில் தொடர்ந்தால் கடன் ரத்தாகும், விலகினால் கட்ட வேண்டும்.

திருப்பித் தரும் முறையில் கையில் காசில்லாத மாணவர் முதல் செமஸ்டரிலேயே திணறுவார். கல்லூரியின் தவணைத் திட்டத்தில் சேர்வது ஒரு வழி. ஆகஸ்டில் கட்டியது ஜனவரி, பிப்ரவரியில்தான் திரும்பும் என்றால், அடுத்த செமஸ்டர் கட்டணத்தின் கெடு அதற்கு முன்பே வந்துவிடும். பழைய பாக்கி இருந்தால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய விடாத கல்லூரிகள் நிறைய. இந்த முறை உள்ள மாநிலத்தில் முதல் ஒரு செமஸ்டர் கட்டணத்தையாவது முன்கூட்டிச் சேர்த்து வைத்திருப்பது நல்லது. அடிப்படைப் பயிற்சிக் காலச் சம்பளம் அதற்கு உதவும். அங்கே தங்குமிடமும் உணவும் ராணுவத்துடையது.

எந்தப் பணம் முதலில், எது கடைசியில்

மாநில உதவி தனியாக நிற்பதில்லை. ஃபெடரல் பக்கம் குறைந்தது நான்கு ஊற்றுகள் இருக்கின்றன. இவற்றில் எது மாணவர் கைக்கு வருகிறது, எது கல்லூரிக்குப் போகிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, மான்ட்காமெரி ஜி.ஐ. பில் என்ற, ராணுவத்தினருக்கான ஃபெடரல் கல்வி உதவிச் சட்டத்தின் ரிசர்வ் பிரிவு. பலரும் இதைச் சட்ட அத்தியாய எண்ணால் '1606' என்றே சொல்கிறார்கள். 1985 ஜூனுக்குப் பின் ஆறு வருடத்துக்கு ஒப்பந்தமிட்டு, தொடக்கப் பயிற்சியை முடித்த கார்டு, ரிசர்வ் வீரர் எவருக்கும் இது உண்டு. முழு நேர மாணவருக்கு 2024-25இல் மாதம் 480 டாலரை ஒட்டி, 36 மாதம் வரை. இது நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருவதால் மாநிலத்தின் கட்டணத் தள்ளுபடியோடு மோதாது. தேவையுள்ள வேலைப்பிரிவில் சேர்பவர்களுக்கு இதன்மேல் மாதம் 350 டாலர் வரை 'கிக்கர்' என்ற கூடுதல் தொகையும் உண்டு. சேவையை விட்டு விலகும் நாளோடு 1606 உரிமை முடிகிறது.

இரண்டாவது, ஃபெடரல் டியூஷன் அசிஸ்டன்ஸ், அதாவது ராணுவம் தரும் கல்விக் கட்டண உதவி. பாதுகாப்புத் துறை வைத்திருக்கும் உச்சவரம்பு ஒரு செமஸ்டர் கிரெடிட்டுக்கு 250 டாலர், அக்டோபர் முதல் செப்டம்பர் வரையிலான நிதியாண்டுக்கு 4,500 டாலர். இது கல்லூரிக்குப் போகும். இளங்கலையில் 'சி'க்குக் கீழே, முதுகலையில் 'பி'க்குக் கீழே மதிப்பெண் வந்தால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

மூன்றாவது, 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. பில். எண்ணால் சொன்னால் 'சாப்டர் 33'. வார இறுதிப் பயிற்சிக் காலம் இதற்குக் கணக்கில் வராது. ஃபெடரல் உத்தரவில் குறைந்தது 90 நாள் பணிக்குப் போயிருந்தால் முழுச் சலுகையில் 50 சதவீதம் தொடங்கி, 36 மாதப் பணிக்கு 100 சதவீதம் வரை கிடைக்கும். நான்காவது, வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர் எவருக்கும் உரிய பெல் கிரான்ட். 2025-26இல் இதன் உச்சம் 7,395 டாலர்.

இப்போது ஒரு செமஸ்டரை எடுத்துக்கொள்வோம். கல்விக் கட்டணம் 5,000 டாலர், இதரக் கட்டணம் 1,200 டாலர். மாநிலம் கல்விக் கட்டணத்தை மட்டும் ஏற்கிறது. மாநிலப் பணம் 5,000 கல்லூரிக்குப் போகிறது. முழுப் பெல்லுக்குத் தகுதி இருந்தால் செமஸ்டருக்கு 3,697 டாலர். அதில் 1,200 இதரக் கட்டணத்துக்குப் போக, 2,497 மாணவருக்குத் திரும்பி வரும். நான்கு மாதத்துக்கு 1606 பணம் சுமார் 1,920. கிக்கர் முழுதாக இருந்தால் 1,400. ஆக ரசீது பூஜ்யமாகி, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கையில் 5,800 டாலருக்குக் கொஞ்சம் மேல்.

அதே மாணவர் யாரோ சொன்னார்கள் என்று முதலில் ஃபெடரல் டியூஷன் அசிஸ்டன்ஸுக்கு விண்ணப்பிக்கிறார். 12 கிரெடிட்டுக்கு 3,000 டாலர் வருகிறது. பல மாநிலத் திட்டங்கள் மற்ற உதவிகள் போக மீதியை மட்டுமே நிரப்புபவை. அத்தகைய மாநிலம் இப்போது 2,000 மட்டும் கட்டும். மாணவருக்கு ஒரு டாலர்கூடக் கூடவில்லை. அந்த நிதியாண்டின் ஃபெடரல் ஒதுக்கீட்டில் மூன்றில் இரண்டு பங்கு செலவாகிவிட்டது. கோடை வகுப்புக்கு, மாநிலம் உதவாத ஒரு சான்றிதழ்ப் படிப்புக்கு அதை வைத்திருக்கலாம். சில மாநிலங்கள் ஃபெடரல் உதவியை முதலில் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று நிபந்தனை போடுகின்றன. அங்கே வேறு வழியில்லை. நிபந்தனை இல்லாத இடத்தில் மாநிலத்தை முன்னால் நிறுத்துவதே லாபம்.

சாப்டர் 33 இருப்பவர்கள் இன்னும் யோசித்துச் செயல்பட வேண்டும். கல்விக் கட்டணத்துக்கென்றே கல்லூரிக்கு நேராக வரும் மாநிலப் பணத்தைக் கழித்த பிறகுதான், ஜி.ஐ. பில் பணத்தைத் தரும் வெட்டரன்ஸ் (முன்னாள் ராணுவத்தினர்) துறை தன் பங்கைக் கணக்கிடும். மாநிலம் எல்லாவற்றையும் கட்டிவிட்டால் சாப்டர் 33இலிருந்து வருவது வீட்டு வாடகைப் படியும் வருடத்துக்கு 1,000 டாலர் வரையான புத்தகத் தொகையும்தான். அதற்காக சாப்டர் 33 தரும் 36 மாதக் கையிருப்பில் மாதங்கள் கரைந்துகொண்டிருக்கும். வாடகை அதிகமான நகரத்தில் அது லாபமாகவும் இருக்கலாம். முதுகலை படிக்கும் எண்ணம் இருப்பவருக்கு, இளங்கலையை மாநிலப் பணத்தில் முடித்து சாப்டர் 33ஐச் சேமித்து வைப்பது பெரும்பாலும் நல்ல முடிவு.

ஆனால் அதற்குள்ளும் ஒரு பொறி. பல திட்டங்களைச் சேர்த்துப் பயன்படுத்தினாலும் ஃபெடரல் சட்டப்படி மொத்தம் 48 மாதத்தைத் தாண்ட முடியாது. மாதம் 480 டாலர் தரும் 1606 திட்டத்தின் 36 மாதத்தையும் தீர்த்துவிட்டவருக்கு, பின்னால் வெளிநாட்டுப் பணிக்குப் போய் சாப்டர் 33 முழுதாகக் கிடைத்தாலும் 12 மாதம்தான் பாக்கி. பணிக்கு அழைப்பு வரும் என்று தெரிந்த பிரிவில் இருப்பவர், கையிலிருக்கும் சிறு தொகைக்காகப் பெரிய தொகையின் மாதங்களை எரித்துவிடக்கூடாது. மாநில உதவிக்கு இந்த 48 மாதக் கணக்கு பொருந்தாது என்பதால்தான் அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

விண்ணப்பத்தில் சறுக்கும் இடங்கள்

ஃபெடரல் மாணவர் உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சா படிவத்தில் 'தற்போது ராணுவத்தில் செயல்நிலைப் பணியில் இருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு, நேஷனல் கார்டில் இருக்கும் 19 வயதுப் பிள்ளைகள் 'ஆம்' என்று போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் பெற்றோர் வருமானம் கேட்கப்படாது, உதவி கூடும். ஆனால் பயிற்சிக்காக இருந்த காலமும் மாநில அழைப்பில் செய்த பணியும் அதில் சேராது. அடிப்படைப் பயிற்சியை முடித்ததால் மட்டும் ஒருவர் 'வெட்டரன்' ஆவதில்லை. ஃபெடரல் உத்தரவில், பயிற்சியல்லாத பணிக்குப் போய் வந்தவரே 'வெட்டரன்' என்ற கட்டத்தில் குறியிடலாம். கல்லூரி ஆவணம் கேட்கும்போது இது வெளிப்பட்டு, கொடுத்த உதவி பாதியில் திரும்பப் பெறப்படும்.

பெல் பெறுபவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று 2026 ஜூலை 1 முதல் பொருந்தும். மாநிலம், கல்லூரி, தனியார் ஆகிய ஃபெடரல் அல்லாத மானியங்கள் சேர்ந்து கல்லூரி நிர்ணயித்த மொத்தப் படிப்புச் செலவை எட்டிவிட்டால் பெல் கிடையாது. மொத்தச் செலவில் தங்குமிடமும் உணவும் அடக்கம் என்பதால் கல்விக் கட்டணம் மட்டும் பெறும் கார்டு மாணவரை இது அநேகமாகத் தொடாது. கூடவே பெரிய கல்லூரி ஸ்காலர்ஷிப்பும் வைத்திருப்பவர் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேதிகளைக் கோட்டைவிடுவதுதான் மிக அதிகமாக நடப்பது. ஒஹையோவில் இலையுதிர் பருவத்துக்கு ஜூலை 1, வசந்த செமஸ்டருக்கு நவம்பர் 1, கோடைக்கு ஏப்ரல் 1 என்று கெடு. ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் செமஸ்டரில் கிடைத்ததால் இரண்டாவதும் தானாக வரும் என்று நினைத்துக்கொண்டு, வகுப்பு தொடங்கும் ஜனவரியில் கட்டண ரசீதைப் பார்த்து ஓடுபவர்கள் உண்டு. ஜூலை 1 அன்று முகாமில் இருக்கப்போகிறவர் ஜூனிலேயே முடித்துவிட வேண்டும். பயிற்சித் திடலில் கைபேசி சிக்னலை நம்பக்கூடாது.

1606 பெறுபவர் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தான் இன்னும் படித்துக்கொண்டிருப்பதை உறுதிப்படுத்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அந்த மாதப் பணம் நிற்கும். இந்த வகை ஃபெடரல் விண்ணப்பங்களுக்குக் கல்லூரியில் 'சர்டிஃபையிங் அஃபிஷியல்' என்று ஒருவர் இருப்பார். மாநில உதவிக்கு மாநிலப் படைத் தலைமையகத்தின் கல்விச் சேவை அதிகாரி. ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே ஒருவரிடம் கேட்ட பதிலை மற்றவரிடம் சரிபார்க்காமல் விடக்கூடாது.

இன்னொரு இடறல் முதல் வருடம். பள்ளி முடித்த ஜூனில் பயிற்சிக்குப் போகிறவர் ஆகஸ்டில் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். ஆர்மியின் அடிப்படைப் பயிற்சி மட்டுமே 10 வாரம். அதன்பின் வேலைப் பயிற்சி. காலாட்படைக்கு இரண்டும் சேர்ந்து 22 வாரம். நியூயார்க் போன்ற மாநிலங்கள் வேலைப் பயிற்சியை முடித்துத் தகுதி பெற்றபின்தான் உதவியைத் தொடங்குகின்றன. இல்லினாய் ஒரு முழு வருடச் சேவை கேட்கிறது. முதல் வருடக் கட்டணத்துக்கு வேறு ஏற்பாடு இல்லாமல் கல்லூரியில் பெயர் கொடுத்துவிட்டால் கணக்கு உதைக்கும்.

வார இறுதியைத் தவறவிட்டால்

மாநில உதவி தொடர வேண்டுமானால் படைப்பிரிவில் 'திருப்திகரமான பங்கேற்பு' என்ற நிலை தொடர வேண்டும். ஆர்மியில் ஒரு வார இறுதிப் பயிற்சி நான்கு அமர்வுகளாகக் கணக்கிடப்படும். சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. ஒரு வருடத்தில் அனுமதியின்றி ஒன்பது அமர்வுகள் தவறினால் அந்த வீரர் ஒழுங்காகப் பங்கேற்காதவர் பட்டியலில். அதாவது இரண்டு வார இறுதிகளை முழுதாகவும் மூன்றாவதில் ஓர் அமர்வையும் தவறவிட்டாலே போதும், உதவித்தொகை ஆட்டம் காணும். இறுதித் தேர்வு வாரத்தில் பயிற்சி வந்துவிட்டால் சொல்லாமல் இருந்துவிடுவதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய தவறு. முன்கூட்டி எழுத்தில் கேட்டு வேறொரு நாளில் அதே பயிற்சியைச் செய்துகொடுக்கும் வழி இருக்கிறது. வருடப் பயிற்சி அட்டவணை முன்னதாகவே வந்துவிடும். கல்லூரி நாட்காட்டியை அதோடு வைத்துப் பார்த்து மோதும் தேதிகளை செமஸ்டர் தொடக்கத்திலேயே சார்ஜென்டிடம் கொடுத்துவிடலாம்.

ஒப்பந்தக் காலம் முடியுமுன் வெளியேறினால் பெரும்பாலான மாநிலங்கள் பணத்தைத் திரும்பக் கேட்கும். ஒஹையோ சட்டத்தில் பாக்கியுள்ள சேவைக் காலத்துக்கு ஏற்ற சதவீதத் தொகையோடு, பணம் கொடுத்த நாளிலிருந்து ஆண்டுக்கு 10 சதவீத வட்டியும் உண்டு. உடல் ஊனத்தால் விடுவிக்கப்பட்டால் விலக்கு. முழு நேர ராணுவத்துக்கோ வேறு ரிசர்வுக்கோ பாக்கிக் காலத்துக்குக் குறையாமல் மாறினாலும் விலக்கு. பென்சில்வேனியாவின் கல்வி உதவியிலும் ஒப்பந்தம் முறிந்தால் மானியம் கடனாக மாறிவிடுகிறது. திருமணமோ வேலையோ காரணமாக வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்பவர்கள் இதைத்தான் முதலில் கேட்டறிய வேண்டும். புதிய மாநிலத்தின் கார்டுக்கு மாற்றல் கிடைக்கும். பழைய மாநிலத்தின் கல்விப் பணம் கூடவே வராது.

படிப்பின் நடுவே அழைப்பு வந்தால்

ஃபெடரல் சட்டப்படி 30 நாளுக்கு மேற்பட்ட பணிக்கு அழைக்கப்பட்ட மாணவரை, திரும்பி வந்ததும் அதே கல்வி நிலையில் கல்லூரி சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் போய்வந்த காலம் மொத்தம் ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், பணி முடிந்த மூன்று வருடத்துக்குள் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு ஃபெடரல் உத்தரவில் செய்யும் பணிக்கு மட்டும். ஆளுநர் வெள்ளத்துக்கோ கலவரத்துக்கோ அழைக்கும் 'ஸ்டேட் ஆக்டிவ் டியூட்டி' இதில் வராது. அதற்கு மாநிலச் சட்டத்தைத்தான் நம்ப வேண்டும். மாநிலத்தின் அழைப்புக்கு ஓடிய மாணவருக்கு அதே மாநிலத்தின் கல்லூரியில் பாதுகாப்புக் குறைவு என்பது நியாயமே இல்லை. சட்டமன்றங்கள் இதைச் சரிசெய்ய வேண்டும்.

உத்தரவுக் காகிதம் கைக்கு வந்த அன்றே அதன் நகலைப் பதிவாளர் அலுவலகம், நிதியுதவி அலுவலகம், சர்டிஃபையிங் அஃபிஷியல் ஆகிய மூவருக்கும் கொடுத்துவிட வேண்டும். சும்மா வகுப்புக்குப் போகாமல் நின்றுவிட்டால் மதிப்பெண் பட்டியலில் 'எஃப்' விழும். 'எஃப்' விழுந்தால் ஃபெடரல் டியூஷன் அசிஸ்டன்ஸ் திரும்பக் கேட்கப்படும். மாநில உதவிக்கான சராசரியும் சரியும். ராணுவ அழைப்பால் விலகியதாகப் பதிவானால் இவை தவிர்க்கப்படும். கழிந்த யூனிட்டைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று மாநில அலுவலகத்தில் அப்போதே கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

டெக்சஸில் புகழ்பெற்ற ஹேசல்வுட் சட்டம் 150 கிரெடிட் வரை கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. அதைக் கேள்விப்பட்டு கார்டு வீரர்கள் விண்ணப்பிப்பதும் நிராகரிக்கப்படுவதும் வழக்கமாகிவிட்டது. பயிற்சி நீங்கலாக 181 நாள் ஃபெடரல் பணி அதற்கு வேண்டும். பயிற்சியைத் தவிர வேறு அழைப்பே வராத கார்டு வீரருக்கு டெக்சஸ் படைத்துறை நடத்தும் தனி உதவித் திட்டம்தான் வழி.

பென்சில்வேனியா 2019இல் இன்னொரு வாசலைத் திறந்தது. கார்டு வீரர் மேலும் ஆறு வருடம் சேவை செய்ய ஒப்புக்கொண்டால் அவருடைய கணவர், மனைவி அல்லது பிள்ளைகளுக்குப் பத்து செமஸ்டர் வரை கல்விக் கட்டண உதவி. தன் படிப்பை ஏற்கனவே முடித்துவிட்ட முப்பது வயது வீரரைப் படையில் தக்கவைக்க இதைவிடக் கூர்மையான ஏற்பாடு வேறு மாநிலத்தில் அப்போது இல்லை.

கையெழுத்திடும் நாளில் வீரர் ஒப்புக்கொள்ளும் சேர்க்கை ஒப்பந்தமான டி.டி. படிவம் 4இன் இணைப்புகளில் போனஸ், கிக்கர் போன்றவை எழுத்தில் இருந்தால்தான் பின்னால் கேட்க முடியும். மாநிலக் கல்வி உதவி அந்த ஒப்பந்தத்தின் பகுதியே அல்ல. அது மாநிலச் சட்டத்திலும் அந்த ஆண்டின் பட்ஜெட் ஒதுக்கீட்டிலும் நிற்கிறது. சட்டமன்றம் தொகையைக் குறைத்தால் ஒப்பந்தத்தைக் காட்டி வாதாட முடியாது. ஆகவே ஆறு வருடத்துக்குக் கையெழுத்திடுமுன் மாநிலச் சட்டப் பிரிவையும் நடப்பாண்டு விதிகளையும் படித்துவிட்டு, இதரக் கட்டணம் அடக்கமா, மற்ற உதவி போக மீதியா, எந்த நாளிலிருந்து தகுதி, விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நான்கையும் கல்விச் சேவை அதிகாரியிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ள வேண்டும். 1606க்கான தகுதிச் சான்று, டி.டி. படிவம் 2384-1, தொடக்கப் பயிற்சி முடிந்தபின் படைப்பிரிவு தருவது. பல பிரிவுகளில் அதைக் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும்.